எண்ணெய் ஏறாத அடுப்பு

ஆவணி 17, திங்கள்

மத்தியானம் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கோயமுத்தூரில் நெஞ்சைத் திறந்து அடைப்பைச் சரிசெய்து தைத்திருக்கிறார்கள். காரை விட்டு இறங்கியவர் வாசலுக்கு வரவில்லை. தேங்காய்க் களத்தைப் பார்த்தபடி நின்றார். "தேங்காப் பருப்பப் பெரட்டி விட்டாங்களா?" என்று கேட்டார். இத்தனை நாள் கழித்து வீட்டுக்கு வந்தவரின் முதல் பேச்சு அது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் 'எண்ணெய் குறைக்கவும்' என்று போட்டிருக்கிறது. நான் குறைக்கப் போவதில்லை, நிறுத்தப் போகிறேன். ஆப்பரேஷன் நடந்த அன்று அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து குன்றின்மேல் இருக்கிற எங்கள் கரட்டுக் கோயில் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இவரை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு, தைப்பூசம் வரைக்கும் என் அடுப்பில் எண்ணெய் ஏறாது. அவரைக் கேட்காமல் வேண்டியதுதான். கேட்கிற நிலைமையிலா இருந்தார்.

இந்தக் களத்தில் காய்கிற தேங்காய் அத்தனையும் எண்ணெய் ஆட்ட எங்கள் மில்லுக்குத்தான் போகிறது. எண்ணெயில் கட்டிய வீடு இது. தேங்காயும் கூடாது என்று நானே சேர்த்துக்கொண்டேன். சாமியிடம் பேசும்போது கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

வரவு செலவு எழுதியாயிற்று. எண்ணெய்: இல்லை.

ஆவணி 18

ஓசூரிலிருந்து மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வடநாட்டுப் பெண் ஒருத்தி எண்ணெய் இல்லாமல் மீல்மேக்கர் குழம்பு வைக்கிறாள். பாஷை புரியவில்லை, கை புரிகிறது. நாலைந்து முறை பார்த்தேன். நான் எழுதப் படிக்கத் தேறியதும் இப்படித்தான், ஐந்தாவதோடு நிறுத்திய பிறகு மளிகைப் பொட்டலக் காகிதங்களை வைத்துக்கொண்டு.

மீல்மேக்கரை உப்புப் போட்ட கொதிதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தேன். வெங்காயத்தை வெறும் சட்டியில் போட்டு, அடி பிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் தெளித்தேன். மசாலா பச்சையாகவே நின்றது. அவர் ஒன்றைக் கடித்துவிட்டுத் தட்டில் வைத்தார்.

"ரப்பராட்ட இருக்குது."

"புரோட்டீனுங்க. புண்ணு ஆறும்னு போட்டிருக்குது."

"எனக்குச் சொல்லித் தரயா? சோயாவுல எண்ணெய எடுத்துட்டு மிச்சத்த உருட்டி விக்கறான். நா விக்கற புண்ணாக்க மாடு திங்குது. நீ வாங்கியாந்த புண்ணாக்க நா திங்கறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பாக்கெட்டில் படித்துப் பார்த்தேன், எண்ணெய் நீக்கிய சோயா மாவு என்றுதான் இருக்கிறது.

எண்ணெய்: இல்லை.

ஆவணி 20

தயிர்ச் சாதம் மட்டும் சாப்பிட்டார்.

ஆவணி 23

ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருந்தும் அவருக்குக் கறி இல்லாமல் விடிந்த முதல் ஞாயிறு இதுவாகத்தான் இருக்கும்.

நான் சின்ன வயதிலேயே முருகனுக்கென்று கறி விட்டவள். கல்யாணமான நாள் முதல் கொல்லை அடுப்பில் தனிச் சட்டியில் அவருக்கு ஆக்கி வைத்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவேன். ருசி பார்க்காமல் உப்புப் போடுவேன். அவருக்கு ஒரே வாயில் தெரிந்துவிடும். "என்ற அக்கா கை வெச்சா அது கறி. நீ கை வெச்சா அது வெறும் ஆடு" என்பார். அக்கா ருக்குமணி இரண்டு வீதி தள்ளித்தான் இருக்கிறார்கள். நான் நங்கை என்று கூப்பிடுவேன். பாதி ஞாயிறு அங்கேதான் சாப்பாடு. கொல்லையில் ஆக்கியதை நாய்க்குப் போட்டுவிட்டுச் சட்டியைக் கழுவுவேன்.

நல்லாருக்கு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஏதோ ஞாபகம் வந்தது, எழுதினேன்.

புரட்டாசி 5, சனி

இன்று வந்துவிட்டது.

ஒரு முறை பிழிந்தால் போதாது. பச்சைத் தண்ணீரில் மூன்று முறை அலசி, நுரை நிற்கும்வரை பிழிய வேண்டும். அப்போதுதான் அந்த வாடை போகிறது. மல்லி, மிளகு, சீரகம், வரமிளகாய் எல்லாவற்றையும் வெறும் இரும்புச் சட்டியில் நிதானமாக வறுத்தேன். கடுகை மூடி போட்டு வெடிக்கவிட்டேன். சின்ன வெங்காயத்தைத் தோலோடு தணலில் சுட்டு, உரித்து, பொட்டுக்கடலையோடு அரைத்தேன். தேங்காய் இல்லாத குறையை அது பாதி மறைத்துவிட்டது. பிழிந்த மீல்மேக்கரை அந்த மசாலாவில் புரட்டி ஒரு மணி நேரம் ஊறவிட்ட பிறகுதான் குழம்பில் போட்டேன்.

சாமி படத்துக்குப் படைத்துவிட்டு நானும் ஒன்றை வாயில் போட்டேன். அவர் சட்டியிலிருந்து நான் ருசி பார்த்த முதல் தடவை. மெத்தென்று இருந்தது.

வறுத்த வாசத்துக்கு அவர் எழுந்து சமையலறை வாசல்வரை வந்துவிட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன புள்ள பண்றே?"

"குழம்புங்க."

"அந்தப் புண்ணாக்கா?"

"அதேதானுங்க."

உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஒரே சட்டியிலிருந்து ஊற்றிச் சாப்பிட்டோம். இரண்டாம் தடவை அவரே கரண்டியை எடுத்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

எண்ணெய்: இல்லை.

புரட்டாசி 19

தினமும் பலகைக்கு வந்துவிடுகிறார். வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார். களத்துக் கதை சொல்கிறார். மில்லுக்கு எண்ணெய் பிழிய வந்த பையன் வழுக்கி விழுந்ததைச் சொல்லித் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். இந்தக் கதையெல்லாம் இத்தனை வருஷமும் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாரோ.

ஐப்பசி 14, தீபாவளி

பலகாரம் இல்லை. பொட்டுக்கடலை உருண்டை மட்டும்.

எண்ணெய் அடுப்பில்தான் ஏறக் கூடாது, தலைக்கு வைக்கத் தடையில்லை என்று விடியற்காலையில் அவரை மணையில் உட்காரவைத்தேன். நல்லெண்ணெயை வெயிலில் வைத்து எடுத்த கிண்ணம் நேற்றே தயார். உச்சியில் வைத்துத் தேய்த்தேன். தோள்பட்டை எலும்பு கையில் தட்டுகிறது. இடுப்பில் வேட்டி நிற்பதில்லை, கயிறு கட்டியிருக்கிறார்.

நெற்றிப் பக்கமாக ஒரு சொட்டு இறங்கிக் கன்னத்தில் வழிந்து உதட்டோரம் வந்தது. நாக்கை நீட்டி அதை நக்கிக்கொண்டார். கண்ணை மூடியபடியே. குழந்தை மாதிரி.

நான் பார்க்காத மாதிரி முதுகுக்குத் தேய்க்கப் போய்விட்டேன். மிச்சமிருந்த எண்ணெயை விளக்கில் ஊற்றினேன்.

எண்ணெய்: அடுப்பில் இல்லை.

கார்த்திகை 9, ஞாயிறு

நங்கை வந்தார்கள். கையில் தூக்குப்போசி நிறையக் கறிக்குழம்பு. தெருமுனையிலேயே வாசம் வந்துவிட்டது.

"ஏ மயிலாத்தா, என்ற தம்பிய என்னடி பண்ணி வெச்சிருக்கறே? வெறகுக் குச்சியாட்ட ஆயிட்டான்."

"டாக்டர் சொன்னதுங்க நங்கை."

"டாக்டரு சொன்னாரா, நீ சொன்னயா? நா எத்தன பேரு ஆப்பரேசன் பண்ணிட்டு வந்ததப் பாத்தவ. எல்லாரும் ரெண்டு சொட்டு ஊத்தித்தா திங்கறாங்க. உன்ற ஊட்டுலதா விசேசமா மனுசனக் காயவெக்கற. களத்துப் பருப்பக்கூட நாலு நாளுல எடுத்தர்றாங்க."

அவர் போசியின் மூடியைத் திறந்தார். மேலே சிவப்பாக எண்ணெய் மிதந்தது. கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டே இருந்தார். பிறகு மூடினார்.

"எடுத்துட்டுப் போக்கா. கோயிலுக்கு வேண்டியிருக்கறா. பூசம் முடியட்டும்."

"நீ வேண்டுனயா, அவ வேண்டுனாளா?"

"ரெண்டும் ஒண்ணுதான். விடக்கா."

"செரி. பூசம் முடிஞ்ச ரெண்டாவது ஞாயித்துக்கெழம என்ற ஊட்டுல கெடா வெட்டு. எவ தடுக்கறான்னு பாத்தர்றேன்."

போசியோடு போய்விட்டார்கள். எனக்காக அக்காவிடம் அவர் பேசியது இதுதான் முதல் தடவை. வேலை ஓடவில்லை. மீல்மேக்கரைப் பிழிந்துகொண்டே இருந்தேன். மாவாகிவிட்டது.

மார்கழி 12

கோயமுத்தூருக்குப் போய்வந்தோம். இருதயம் நன்றாக இருக்கிறதாம். எடைதான் போதாதாம். அவரை ஈ.சி.ஜி. எடுக்க உள்ளே கூட்டிப் போன நேரத்தில், சாப்பாட்டு முறை சொல்லுகிற பெண் என்னைக் கூப்பிட்டாள். நிவேதா என்று பெயர். என் மகள் வயதிருக்கும். என்ன சமைக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"எண்ணெயே இல்லாமயா? சுத்தமா நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையேம்மா. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு ஸ்பூன் சேர்க்கலாம். கொஞ்சம் தேங்காய் போட்டாலும் பரவாயில்ல. மீன் குடுங்க, முட்டை வெள்ளைக்கரு குடுங்க. இப்படி இளைச்சா நடக்கத் தெம்பு வேண்டாமா?"

"சரிங்க."

"சோயா நல்லதுதான். நீங்க பண்ற விதத்தக் கேட்டா எனக்கே பசிக்குது. ஆனா அது மட்டுமே போதாது. நானே அவர்கிட்ட வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க. நானே சொல்லிக்கறேன்."

வரும்போது காரில் கேட்டார்.

"என்ன சொன்னா அந்தப் புள்ள?"

"நா பண்ற குழம்பக் கேட்டா அவிகளுக்கே பசிக்குதுன்னாங்க."

"எண்ணெயப் பத்தி?"

"வேண்டுதல் இருக்கறப்ப அதைப் பத்தி எதுக்குங்க பேச்சு."

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. சாமிக்குச் சொன்ன வார்த்தையை ஆஸ்பத்திரிப் பெண் மாற்ற முடியாது. பூசத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

எண்ணெய்: இல்லை.

தை 20

சத்தம் கேட்டுக் கொல்லைக்குப் போனால் அவர் குத்தவைத்து உட்கார்ந்து கறிச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து ஒரு டம்ளர் கழுவிப் பார்த்ததில்லை. மூச்சு வாங்குகிறது, இருந்தும் விடவில்லை.

"குடுங்க, நா தேச்சுத் தர்றேன்."

"வேண்டா மயிலா. இத அக்கா ஊட்டுக்குக் குடுத்தர்லாம்னு இருக்கறேன். பூசத்துக்கப்பறம் நா அங்கயே ஞாயித்துக்கெழம தின்னுக்கறேன். நெனச்சாப் பொழுதோட, ராத்திரிச் சோத்துக்கும் போயிக்கலாம். நீயும் பாவம், எத்தன வருசந்தா இந்தக் கொல்லையில நின்னு ஆக்கி ஊத்திட்டுத் தலைக்கு ஊத்திக்குவே. உனக்கு இனி அந்தச் செரமம் வேண்டா."

எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சட்டி பளபளவென்று ஆகிவிட்டது.

உள்ளே வந்தேன். பலகை காலியாக இருந்தது. அதைச் சுவரோரம் சாய்த்துவைத்தேன், பிறகு மறுபடியும் எடுத்துப் போட்டேன்.

தை 26

அவரிடம் சொன்னேன். "வேண்டுதலை நாமளா முடிச்சுக்கக் கூடாதுங்க. பூக் கேட்டுட்டு முடிக்கலாம்."

"கேளு. முடிக்காதேன்னா சாமி சொல்லப் போகுது?" என்று சிரித்தார்.

தை 29, தைப்பூசம்

எங்கள் கரட்டுக் கோயிலில் பூக் கேட்பவர்கள் வீட்டிலேயே இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வாழையிலையில் வெளியே தெரியாமல் மடித்து நாரால் கட்ட வேண்டும். பூசாரி குலுக்கிச் சாமி காலடியில் போடுவார். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். அதைத்தான் பிரிக்கலாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது குற்றம். அப்படியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும்.

காலையில் பூப் பறித்தேன். நந்தியாவட்டை நிறையக் கிடைத்தது. வாசல் செவ்வரளி கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே கட்டினேன். நார் முடிச்சு லேசில் விழவில்லை. வயதாகிறதல்லவா.

நங்கையும் வந்திருந்தார்கள். பூசாரி, "வாய் விட்டுக் கேளும்மா" என்றார்.

"என்ற அடுப்புல எண்ணெய் ஏறாத விரதம் இன்னும் ஒரு வருஷம் தொடரணுமா, சாமி? தொடரணும்னா வெள்ளை குடு. போதும்னா சிவப்பு குடு."

பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

நங்கை தூணோரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். சாமி வாக்குக்கு மேலே என்ன பேச்சு. அவர் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரி" என்றார்.

மிச்சப் பொட்டலத்துக்கு நான் கை நீட்டினேன். அதற்குள் அவர் எடுத்துவிட்டார். "நீ வெளக்குப் போடு. நா மரத்தடியில போட்டுட்டு வர்றேன்."

மெதுவாகப் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். அவர் திரும்பி வர நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது செவ்வரளி காலையில் இருந்த மாதிரியே இருந்தது. ஒரு பூவும் குறையவில்லை.

தை 30

சொல்லிவிட்டார்.

மத்தியானம் அதே குழம்புதான். மிளகு கொஞ்சம் தூக்கலாக, கடைசியில் கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டு. சோற்றில் ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லாருக்கு."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே தெரியவில்லை. "என்னங்க?" என்றேன்.

"நல்லாருக்குன்னேன்."

சமையலறை மூலைக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். முருகா, இதைக் கேட்க எத்தனை வருஷம். சாமிக்கு முன்னால் நின்று நான் செய்தது எதுவானாலும் அதைச் சாமி ஏற்றுக்கொண்டது என்றுதானே இதற்கு அர்த்தம். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இதுக்கா அம்மா போன் பண்ணுனே" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

எண்ணெய்: இல்லை. தேவையும் இல்லை.

மாசி 2

கோயிலுக்குப் போட்டுப்போன சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஏதோ தடித்தது.

வாழையிலைப் பொட்டலம். நார் அவிழ்ந்து, மறுபடியும் சுற்றியிருந்தது. உள்ளே நந்தியாவட்டை. வாடி, ஓரமெல்லாம் பழுப்பாகிப் போன வெள்ளை.

மரத்தடியில் போடவில்லை. பிரித்துப் பார்த்திருக்கிறார். அதற்கு அடுத்த நாள்தான் நல்லாருக்கு என்றார்.

பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுபடியும் அதே பையில் வைத்தேன். சட்டையைத் துவைக்கவில்லை.

மாசி 3

நல்லாருக்கு என்றார்.

மாசி 4

நல்லாருக்கு என்றார்.

மாசி 7

உப்பே போடாமல் வைத்தேன். வேண்டுமென்றுதான். சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன், விழுங்க முடியவில்லை. அதை அப்படியே ஊற்றினேன்.

சோற்றோடு பிசைந்தார். ஒரு பருக்கை விடாமல் தின்றார். தட்டை வழித்தார்.

"நல்லாருக்கு."

"உப்பு..."

"எல்லாஞ் செரியாத்தா இருக்குது."

பலகையை விட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். கை கொடுக்கப் போனேன். வேண்டாமென்று சைகை காட்டினார். களத்துக் கதை பூசத்தோடு நின்றுவிட்டது.

மாசி 9

"ஏனுங்க, சாமிகிட்ட மறுபடியும் ஒருக்கா பூக் கேக்கலாமுங்களா?"

பேப்பரை மடித்து வைத்தார். கோபமில்லை, குரலும் உயரவில்லை.

"எதுக்கு மயிலா? இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சா மட்டும் வேற பூவா இருக்கப் போகுது?"

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி இருந்ததால் உள்ளே போய்விட்டேன். அடுப்பு பற்றவைத்திருக்கவே இல்லை.

மாசி 11, ஞாயிறு

நங்கை வீட்டில் இன்று கிடாவெட்டு. அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. "சாமி சொல்லிருச்சுன்னு சொல்லியனுப்பு" என்றார்.

கடையில் நல்லெண்ணெய் வாங்கினேன். ஒரு மூடித் தேங்காயும் துருவினேன். சாமி படத்துக்குத் திரை போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்ததும், கறிவேப்பிலை போட்டதும், வீடு முழுக்க ஒரு வாசம் எழுந்ததே, அதை நான் மறந்தே போயிருந்தேன். வெங்காயம் பொன்னிறமாக வந்தது. மூன்று முறை பிழிந்து வைத்த மீல்மேக்கரை அதில் புரட்டித் தேங்காய் அரைத்து ஊற்றினேன். மேலே எண்ணெய் பிரிந்து மினுமினுத்தது.

தட்டில் ஊற்றிப் பலகைக்கு முன்னால் வைத்தேன். நின்றுகொண்டே இருந்தேன். அவர் கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஏன் எண்ணெய் ஊற்றினாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

தட்டைப் பார்த்தார். மூக்கு விரிந்தது. இரண்டு விரலால் தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"சாமி குடுத்த வாக்கு மயிலா. நாம மீறலாமா?"

"ஏனுங்க..."

"இன்னும் ஒரு வருசந்தான. எனக்குக் கொஞ்சம் மோரு ஊத்து."

ஊற்றினேன். குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு களத்துப் பக்கம் போனார். சட்டை கொடியில் போட்டது மாதிரி தோளில் தொங்குகிறது. பருப்பைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

ராத்திரிக்கு எண்ணெய் இல்லாமல் வேறு வைக்க வேண்டும். மீல்மேக்கரை ஊறப்போட்டுவிட்டு, அந்த எண்ணெய்க் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கறிச் சட்டி இருந்த இடம் காலி. நாய் வந்து நின்றது. அதற்குப் போட மனசு வரவில்லை. அங்கேயே நின்று நானே தின்றேன், கடைசி வரைக்கும்.

நல்லாத்தான் இருந்தது.

எண்ணெய்: இரண்டு ஸ்பூன்.